புழுங்கலரிசியும் தன்னியக்க நரம்பும்: மலாக்காத் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு மருத்துவப் பக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குடியேற்றம், கங்காணி முறை, கூலி, கல்வி, கோயில், தொழிற்சங்கம் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். தோட்டத் தொழிலாளியின் உடலும் அவ்வுடல் உட்கொண்ட உணவும் அத்துணை கவனம் பெறவில்லை. ஆயினும், மனித உடலின் உள்ளுறுப்புகளை நம் விருப்பத்தை எதிர்பாராமல் இயக்கும் நரம்புகள் உணவால் காக்கப்படுகின்றன என்னும் உண்மை நிறுவப்பட்ட களங்களுள் மலாயாவும் ஒன்றாகும். அந்த உண்மையை நோக்கி மருத்துவர்களை இட்டுச்சென்ற தடயங்களுள் முதன்மையானது, தமிழ்த் தொழிலாளர் உண்ட புழுங்கலரிசிச் சோறு.

இக்கட்டுரை மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களையும் சிறு நகரங்களையும் நிலைக்களமாகக் கொண்டு, தன்னியக்க நரம்பு மண்டலம் பற்றிய அறிவும் பெரிபெரி என்னும் நோயின் வரலாறும் எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்பதை ஆராய முற்படுகிறது. முதலில் அந்நரம்பு மண்டலத்தின் இயல்பையும், அதற்கு இணையாகத் தமிழ் மரபில் வழங்கிய கருத்துகளையும் காண்போம். பின்னர் மலாக்காவின் மூவகை அரிசி உணவையும், அண்டை மாநிலங்களில் நிகழ்ந்த ஆய்வுகளையும், அவ்வாய்வு முடிவுகளைச் சப்பானியர் ஆட்சிக் காலம் கொடிய முறையில் மெய்ப்பித்ததையும் நோக்குவோம்.

தன்னியக்க நரம்பு மண்டலம்: பொருளும் சொல்லும்

விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். பாயிலிருந்து அவர் எழுந்த அந்நொடியில் குருதி கால்களை நோக்கி இறங்குகிறது. அது மூளைக்குக் குறையாதவாறு கால், வயிற்றுப் பகுதிகளின் குருதிக்குழாய்கள் உடனே இறுகுகின்றன. அவர் மேட்டு நிலத்தில் மரத்துக்கு மரம் நடக்கும்போது இதயத்துடிப்பு விரைவுபடுகிறது. உடற்சூடு தணிய வியர்வை சுரக்கிறது. காண்டா வாளியை இறக்கி வைத்து உணவு உண்டபின் துடிப்பு தணிந்து, இரைப்பையும் குடலும் வேலையைத் தொடங்குகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் அவர் எண்ணிச் செய்யவில்லை. செய்யாதே என அவர் ஆணையிட்டாலும் இவை நில்லா.

இச்செயல்களை ஆளும் நரம்புத் தொகுதிக்குத் தன்னாட்சிப் பொருள்படும் பெயரை 1898ஆம் ஆண்டில் வழங்கியவர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி. அவர் இதனைப் பரிவு நரம்புகள், துணைப்பரிவு நரம்புகள், குடற்சுவரிலேயே அமைந்த நரம்புகள் என மூன்றாகப் பகுத்துக் கண்டார். பரிவு நரம்புகள் உடலை உழைப்புக்கும் இடருக்கும் ஆயத்தப்படுத்துகின்றன. இதயத்தை விரைவுபடுத்துதல், கண்மணியை விரித்தல், தோலின் குழாய்களைச் சுருக்குதல், வியர்வையைத் தூண்டுதல் ஆகியன அவற்றின் பணிகள். துணைப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்திற்கும் உரியவை. இவற்றுள் தலையாயது வேகஸ் எனப்படும் அலைநரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை அலைந்து செல்வதால் இப்பெயர் பெற்றது. இதயம் தன் சொந்த இயல்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கக்கூடியது. ஓய்வில் அதனை 70 அளவுக்கு அடக்கி வைப்பது இந்த அலைநரம்பே.

இவ்விரு பிரிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. துலாக்கோலின் இரு தட்டுகள்போல ஒன்று தாழ மற்றொன்று உயர்ந்து, உடலின் உள்நிலையை ஒரு வரம்புக்குள் நிறுத்துகின்றன. அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கேனன் 1926இல் இச்சமநிலைக்குத் தனிப்பெயர் சூட்டினார். நரம்பு உறுப்புக்கு ஆணையிடுவது வேதிப்பொருள் வழியாகவே என்பதை 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு ஓட்டோ லோவி மெய்ப்பித்தார். அலைநரம்பின் முனையில் சுரந்த அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இப்பொருளின் பெயரை நாம் நினைவில் இருத்துவோம்; அரிசியின் கதையில் அது மீண்டும் வரும்.

தமிழில் இம்மண்டலத்தைக் குறிக்கத் தன்னியக்க நரம்பு மண்டலம், தானியங்கு நரம்பு மண்டலம், தன்னாட்சி நரம்புத் தொகுதி என்னும் சொற்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் ஆளப்படுகின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். எனினும் அவர் 1884இல் மறைந்தார். லாங்லியின் பாகுபாடு அதற்குப் பின்னரே பிறந்தது. ஆகவே இக்கலைச்சொற்கள் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கங்களே. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்குவதற்கு, அச்சொற்கள் தனித்தனி நாடுகளின் கல்வித் துறைகளில் உருவானமை காரணமாகும்.

தமிழ் மரபில் தன்னியல்புச் செயல்கள்

சொல் புதிதாயினும் பொருளை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருந்தனர். சித்த மருத்துவம் உடலில் பிராணன் முதல் தனஞ்செயன் ஈறாகப் பத்து வாயுக்களைக் கூறும். மூச்சு, செரிமானம், கழிவு வெளியேற்றம், இமைத்தல், கொட்டாவி, தும்மல் ஆகியன இவ்வாயுக்களின் தொழில்களாகப் பகுத்துரைக்கப்படுகின்றன; நூலுக்கு நூல் பகுப்பில் வேறுபாடு உண்டு. இதனோடு பதினான்கு வேகங்கள் என்னும் கோட்பாடும் எண்ணத்தக்கது. தும்மல், இருமல், பசி, தாகம், உறக்கம், வாந்தி, கண்ணீர், சிறுநீர், மலம் முதலிய தானே எழும் உந்துதல்களை வலிந்து அடக்குதல் நோய்க்கு வித்தாகும் என்பது அதன் சாரம். விருப்பத்திற்கு உட்பட்ட செயல் வேறு, உடல் தானே தொடங்கும் செயல் வேறு என்னும் தெளிவு இங்குப் புலப்படுகிறது.

இலக்கண மரபிலும் இதன் சாயலைக் காணலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின்கண் வெளிப்படுமாற்றை விளக்குகிறது. உரையாசிரியர்கள் சுட்டும் மெய்ம்மயிர் சிலிர்த்தல், வியர்த்தல், கண்ணீர் வார்தல் ஆகியன மறைக்க முயன்றாலும் மறையாத குறிகள். மயிர் சிலிர்ப்பதும் வியர்ப்பதும் பரிவு நரம்புகளின் பணிகள் என்பதை இன்றைய உடலியல் கூறும்.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு, தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என முடிபுகட்டுதல் பொருந்தாது. வாயு என்பது நரம்பன்று. மெய்ப்பாடு என்பது உடற்கூறன்று. நிகழ்வை நுணுகி நோக்குதலும், அந்நிகழ்வின் கருவியை அறுத்துக் காணுதலும் வெவ்வேறு அறிவு நெறிகள். இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழர் வாழ்வு நரம்பியல் அறிவுக்கு அளித்த உண்மையான பங்களிப்பு ஏட்டிலன்றி அடுப்படியில் இருந்தது என்பதே நாம் காணவிருக்கும் செய்தி.

மலாக்காவும் மூவகை அரிசியும்

1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு வந்த மலாக்கா, 1826 முதல் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைந்து நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. சுல்தான்கள் காலத்திலிருந்தே தமிழ் வணிகர் வாழ்ந்த ஊர் இது. மலாக்காச் செட்டிகள் என்னும் சமூகமும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அத்தொடர்பின் சான்றுகள். எனினும், தோட்டத் தமிழரின் வரலாறு வேறொரு தொடக்கத்தை உடையது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருந்தோட்டமாக விரித்தார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் இவ்வாறு மலாக்காவில்தான் உருவாயிற்று. அதனைத் தொடர்ந்து ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் வந்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1910இல் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது.

அக்காலத்து மலாக்காவில் மூன்று சமூகங்கள் மூவகை அரிசியை உண்டன. நானிங் பகுதி மலாய் உழவர் தம் நிலத்து நெல்லைத் தேவைக்கேற்ப அவ்வப்போது குத்தி உண்டனர். அவ்வரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருந்தது. ஈயச் சுரங்கங்களிலும் மரவள்ளித் தோட்டங்களிலும் உழைத்த சீனர், சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். தமிழ்த் தொழிலாளரோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசியை உண்டனர். தோட்ட நிருவாகம் அரிசியை வரவழைத்து வழங்கும்போதும், தொழிலாளர் பழகிய அரிசியையே கேட்டனர்.

புழுங்கலரிசி உண்டமைக்கு மருத்துவக் காரணம் எதனையும் அவர்கள் கூறவில்லை. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்துதல் தமிழகத்து வழக்கம். அவ்வாறு செய்த அரிசி குருணையாக நொறுங்காது, நெடுநாள் கெடாது, வயிற்றில் நின்று பசி தாங்கும் என்பன அவர்கள் அறிந்த பயன்கள். பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் உரியதாயிற்று. உழைப்பவர் சோறு புழுங்கலரிசியாயிற்று.

பெரிபெரி: நரம்பு பட்டினியுறும் நிலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் சுரங்கங்கள், சிறைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் பல்லாயிரவரைப் பற்றிய நோய் பெரிபெரி. சென்னை மாகாணத்தில் இந்நோய் பற்றி ஜான் கிராண்ட் மால்கம்சன் எழுதிய நூல் 1835லேயே வெளிவந்திருந்தது. ஆயினும் காரணம் விளங்கவில்லை.

இந்நோய் இருவகையாகத் தோன்றும். ஒன்று வறட்சிவகை: கால்விரல் நுனியில் மரமரப்புத் தொடங்கி, பாதம் தொங்கி, தசை மெலிந்து, நடக்க இயலாத நிலை ஏற்படும். மற்றொன்று ஈரவகை: குருதிக்குழாய்கள் இறுக்கம் தளர்ந்து விரிகின்றன, அவற்றை நிரப்ப இதயம் ஓய்விலும் படபடவென அடிக்கிறது, காலும் முகமும் வீங்குகின்றன, இறுதியில் களைத்த இதயம் திடீரென நின்றுவிடுகிறது. அலைநரம்பின் கிளை தாக்குண்டால் குரல் கம்மும். நோயுற்ற தாயின் பாலருந்தும் கைக்குழந்தை வாய்திறந்து அழுதும் ஓசை எழாத நிலை இதனால் விளைவது.

முன்னர்க் கண்ட பெரட்டுத் தொழிலாளியின் உடலில் தானே நிகழ்ந்த செயல்களுள் பலவும் இந்நோயில் நெறிதவறுகின்றன. குழாய் இறுக வேண்டிய இடத்தில் தளர்கிறது. அடங்க வேண்டிய இதயம் அடங்குவதில்லை. தன்னியக்க ஒழுங்கின் அருமை அது குலையும்போதுதான் புலனாகிறது.

மலாயாவில் நிகழ்ந்த ஆய்வுகள்

1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு தொற்றுநோய் எனவும், குடலில் நுழையும் கிருமியின் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது எனவும் கருதினார். கிருமியியல் வெற்றிநடை போட்ட காலம் அது, அக்கருத்து இயல்பானதே.

மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் வேறு வழியில் சிந்தித்தார். ஒரே வட்டாரத்தில், ஒரே தட்பவெப்பத்தில் வாழும் சீனர் பெரிபெரியால் மடிய, தமிழரும் மலாய்க்காரரும் ஏன் தப்புகின்றனர் என்பது அவர் எழுப்பிய வினா. தொற்றுக்கிருமி இனம் பார்த்துப் பற்றாது. உறைவிடத்திலும் நீரிலும் காணப்படாத வேறுபாடு அவர்தம் சோற்றில் காணப்பட்டது. 1901 முதல் இக்கருத்தை வெளியிட்ட அவர், 1907இல் இலண்டனில் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதில் அரிசியைப் பக்குவப்படுத்தியது, பக்குவப்படுத்தாதது, புதிதாகக் குத்தியது எனப் பகுத்தார். பக்குவப்படுத்தியது என்றது தமிழரின் புழுங்கலரிசியையே. பழகிய வெள்ளரிசியில் பூஞ்சை வளர்ந்து நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் கொண்டது பிழை. அரிசியே காரணம் என்று அவர் சுட்டியது சரி.

கருத்தைச் சோதித்தவர் வில்லியம் பிளெட்சர். 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினர் ஒரு தரப்பாகவும் இரட்டைப்படை எண்ணினர் மறு தரப்பாகவும் பிரித்தார். ஒரு தரப்பு வெள்ளரிசியும் மற்றது புழுங்கலரிசியும் பெற்றது. இடத்தால் நோய் வருகிறதோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு தரப்பினரின் கட்டடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில் வெள்ளரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும் 1907இல் நெகிரி செம்பிலானின் ஜெலுபுப் பகுதிக் காட்டில் சாலை அமைக்க வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே இச்சோதனையை விரிவாக்கினர். வெள்ளரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. ஆலையில் தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளது என அவர்கள் கோழிகளைக் கொண்டு கண்டறிந்தனர். அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டிற்குக் குறையின் அது பெரிபெரிக்கு இடமளிக்கும் என ஓர் அளவுகோலையும் வகுத்தனர். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது எனத் தீர்மானித்தது.

மலாயாவின் ஆய்வுகள் தனித்து நிகழ்ந்தவையல்ல. சாவகத்தின் பத்தாவியாவில் கிறிஸ்தியான் எய்க்மான் 1890களில் தீட்டிய அரிசி உண்ட கோழிகளிடம் நரம்பு நோயைக் கண்டிருந்தார். அவர் வழிவந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல், நஞ்சின் இருப்பன்று, தேவையான ஒரு பொருளின் இன்மையே காரணம் என்றார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், மனிதரை இரு தரப்பாகப் பிரித்து இடத்தையும் உணவையும் மாற்றிப் பார்த்த தெளிவு மலாயாவின் ஆய்வுகளுக்கு உரியது.

இங்கு இரண்டு உண்மைகளை நாம் மறவாது குறிக்க வேண்டும். முதலாவது, விடுதியில் இருந்தோரும் சாலைத் தொழிலாளரும் தம் விருப்பத்தால் இச்சோதனைக்கு உட்பட்டவரல்லர். நோய் தரும் என ஐயுற்ற உணவை அவர்களுக்கு அளித்துக் காத்திருந்தமையை இன்றைய ஆய்வு அறம் ஏற்காது. இரண்டாவது, பெரிபெரியின் வரலாறு மருத்துவர் பெயர்களால் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அம்மருத்துவர்களின் வினாவுக்கே வழிவகுத்தது, தமக்குப் பழகிய அரிசியை விடாது உண்ட பெயரறியாத் தமிழ்த் தொழிலாளரின் வழக்கம். எவ்விதச் சோதனைக்கும் அழைக்கப்படாமலே அவர்கள் அச்சோதனையின் ஒப்பீட்டுத் தரப்பாக விளங்கினர்.

அரிசிக்கும் நரம்பிற்கும் இடையே

தவிட்டிலுள்ள அப்பொருள் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து. 1926இல் பத்தாவியாவில் யான்சன், தோனத் இருவரும் அதனைப் படிகமாகப் பிரித்தனர். 1936இல் அதன் அமைப்பைத் தெளிந்து செயற்கையாக ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ். அவர் 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் மேலுறையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. மாவுப்பொருள் இறுகும்போது அங்கேயே தங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தவிட்டை நீக்கினாலும் அச்சத்தின் பெரும்பகுதி எஞ்சும். கழுவும்போதும் புழுங்கலரிசி பச்சரிசியைவிடக் குறைவாகவே சத்தை இழக்கும்.

நரம்பு தன் ஆற்றலுக்குப் பெரிதும் சர்க்கரையையே நம்பியுள்ளது. சர்க்கரையை ஆற்றலாக்கும் வேதிவினையின் இன்றியமையாத படியில் தயமின் வேண்டும். அதே படியில் உண்டாகும் பொருளிலிருந்தே நரம்பு அசிட்டைல்கோலினையும் ஆக்குகிறது. அலைநரம்பு இதயத்திற்கு அனுப்பும் தூதுப்பொருள் இதுவே என முன்னர்க் கண்டோம். உடலில் தயமின் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம் மட்டுமே. வரத்து நின்றால் சில கிழமைகளில் அது தீர்ந்துவிடும். நீண்ட நரம்புகள் முதலில் நலிகின்றன; இதயத் தசையும் குருதிக்குழாய்ச் சுவரும் ஆற்றல் குன்றுகின்றன. லாங்லி தன்னியக்க நரம்புகளுக்குப் பெயர் சூட்டிய 1898ஆம் ஆண்டிற்கும் பிராடன் அரிசிக் கருத்தை வெளியிட்ட 1901ஆம் ஆண்டிற்கும் இடையே மூன்றே ஆண்டுகள். ஒருவர் கேம்பிரிட்ச் ஆய்வறையிலும் மற்றவர் நெகிரி செம்பிலான் மருத்துவமனையிலும் கண்டவை ஒரே உண்மையின் இரு முனைகள் என்பது அன்று இருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனமா, அரிசியா? சப்பானியர் காலம்

தமிழருக்குப் பெரிபெரி வாராமை அவர்தம் இனத்தின் இயல்போ என்னும் வினாவுக்கு இந்தியாவிலேயே விடை இருந்தது. சென்னை மாகாணத்தின் வடபகுதியான ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி வழங்கிய தமிழ் மாவட்டங்களில் அஃது அரிது. இராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய குன்னூர் ஆய்வகம் இதனை ஆராய்ந்தது.

மலாக்காத் தமிழர் இவ்வுண்மையைத் தம் உடலால் அறிந்த காலம் 1942 சனவரியில் தொடங்கியது. சப்பானியர் ஆட்சியில் பர்மா, இந்திய அரிசி வரத்து அறுந்தது. ரப்பர்த் தோட்டங்களில் மரவள்ளி நடப்பட்டது. டான் சாய் யான் காலத்தில் மரவள்ளி நிலங்களை ரப்பர் கைக்கொண்டது. இப்போது ரப்பர் நிலத்தில் மரவள்ளி உயிர்காக்கும் உணவாகத் திரும்பியது. பசியை ஆற்றிய மரவள்ளிக்கிழங்கில் தயமின் மிகக் குறைவு. மலாயா முழுவதும் பெரிபெரியும் ஊட்டக்குறையும் பரவின. தோட்டத் தமிழரும் அவற்றுக்கு விலக்காகவில்லை.

சயாம்-பர்மா இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர். 1905இல் திறக்கப்பட்டுப் பூலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா நகர் வரை ஓடிய கிளைப்பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டு அப்பாதைக்கே சென்றன. மலாக்கா அப்பாதைக்கு இரும்பையும் மனிதரையும் ஒருங்கே இழந்தது எனலாம். அங்கே தொழிலாளருக்குக் கிடைத்தது தரங்குன்றிய வெள்ளரிசி. அதுவும் குறைந்த அளவில். வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகியவை பெருங்கொலைகளைப் புரிந்தன. அவற்றோடு பெரிபெரியும் நின்றது. ஒரு தலைமுறைக்கு முன் அந்நோய்க்கு அப்பாற்பட்டவர் எனக் கருதப்பட்ட சமூகம், அரிசி மாறியதும் அந்நோய்க்கு ஆளாயிற்று. பிராடனின் வினாவுக்கு இதைவிடத் தெளிவான, இதைவிடக் கொடிய விடை வேறில்லை.

இன்றைய நிலை

தயமின் குறையால் விளையும் பெரிபெரி இன்று மலேசியாவில் பொதுநோயன்று. ஆயினும் தன்னியக்க நரம்புகளின் வரலாறு தமிழரிடையே முடிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் வயதுவந்தோருள் நீரிழிவுடையோர் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது இனங்களுள் மிகுதியானது. நீண்டநாள் கட்டுப்படாத நீரிழிவு, பெரிபெரியினின்றும் வேறான வழியில், அதே நீண்ட நரம்புகளையும் அலைநரம்பையும் சிதைக்கிறது. எழுந்து நின்றால் தலைசுற்றல், ஓய்விலும் தணியாத துடிப்பு, உண்டது இரைப்பையிலேயே தங்குதல் ஆகியன அதன் அறிகுறிகள். மாரடைப்பு வந்தும் வலி தோன்றாமல் போகலாம். சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் வியர்வையும் படபடப்பும் தோன்றாமல் போகலாம். நோயைவிட, நோயை உணர்த்தும் வாயில் அடைபடுவதே இங்குப் பேரிடர்.

புழுங்கலரிசியை இதற்கு மருந்தாகக் காட்டுதல் தவறு. அன்றைய சிக்கல் சத்தின்மை. இன்றைய சிக்கல் மிகையும் உழைப்பின்மையும் மரபுக்கூறும் கலந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும், மக்கள் மலாக்கா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய நகரப் பகுதிகளுக்குப் பெயர்ந்தும் போனபின், மேடு ஏறி இறங்கிய உடலுழைப்பு நீங்கியது. சோற்றின் அளவும் இனிப்புத் தேநீரும் நீங்கவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படும். நம் விருப்பத்திற்கு உட்படாத உள்ளுறுப்புச் செயல்கள் தன்னியக்க நரம்புகளால் நடைபெறுகின்றன. அந்நரம்புகளோ நாம் விரும்பித் தேர்ந்து உண்ணும் உணவைச் சார்ந்துள்ளன. அவ்வுணவைத் தேரும் உரிமையோ பல வேளைகளில் தோட்டத் துரைமாரின் கையிலும் ஆட்சியாளர் கையிலும் இருந்தது. மலாயாத் தமிழரைப் பெரிபெரியினின்று காத்தது இனச்சிறப்பன்று, மருத்துவ முன்னறிவுமன்று. நெல்லை அவிக்கும் ஒரு வீட்டு வழக்கம். அவ்வழக்கத்தைத் தொடரும் வாய்ப்பு இருந்தவரை அது காத்தது. வாய்ப்புப் பறிக்கப்பட்டபோது உயிர்கள் பறிபோயின. புழுங்கலரிசி மலேரியாவையோ கொக்கிப்புழுவையோ வறுமையையோ தடுக்கவில்லை என்பதையும் உடன்கூறுதல் நேர்மையாகும்.

தமிழாசிரியர்க்கு இதனால் இருவகைக் கடமை உண்டு. தன்னியக்க நரம்பு மண்டலத்தைக் கற்பிக்கும்போது தவளையின் இதயத்தோடு ஜெலுபுச் சாலையையும் பெரட்டுக் களத்தையும் எடுத்துக்காட்டாக்கினால், அறிவியல் மாணவருக்கு அயலாகத் தோன்றாது. அடுத்து, தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் அரிசிப் பங்கீடு, நெல் அவித்தல், சப்பானியர் காலத்து உணவு, கால்வீக்கம் பற்றிய நினைவுகளை இப்போதே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். 1942இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். மருத்துவ அறிக்கைகள் நூலகங்களில் காத்திருக்கும். அவர்களின் நினைவுகள் காத்திரா.